பெரும்போகக் கூலியை நம்பி லொறி வாங்கலாமா?

கேள்வி: பழைய கன்ரர் லொறி ஒன்றை லீசிங்கில் எடுத்து வாடகைக்கு ஓட எண்ணியுள்ளேன். சென்ற பெரும்போகத்தில் லொறி கிடைக்காமல் எங்கள் நெல் நாட்கணக்கில் களத்தில் கிடந்தது. ஆண்டு முழுவதும் ஓட்டம் இருக்குமா? எந்தப் பத்திரங்கள் தேவை?
- வாசகர் ஒருவர், மாங்குளம்

பதில்: நீங்கள் கண்ட தட்டுப்பாடு உண்மையானதுதான், ஆனால் அது சில வாரங்களுக்குரியது. முன்பு கையால் வெட்டிச் சூடடித்த காலத்தில் நெல் சிறிது சிறிதாக வெளியேறியது. இப்போது அறுவடை இயந்திரங்கள் இறங்கியதும் இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழும் ஈர நெல் ஒரே நேரத்தில் குவிந்துவிடுவதால், மாசி, பங்குனியில் கூலி ஏறி, பிறகு இறங்கிவிடுகிறது. ஐப்பசி தொடங்கி மாரி மழையில் ஏ-9 வீதியை விட்டு உள்ளே திரும்பும் கிரவல் வீதிகள் பாரத்தைத் தாங்கா.

ஆகவே கணக்கிட வேண்டியது திரும்பு பாரத்தையே. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். நெல்லோடு போகும் லொறி சீமெந்தோ கடைச் சாமானோ ஏற்றாமல் வெறுமனே திரும்பினால், இருவழி டீசலும் ஒரு நடைக் கூலியிலேயே கழியும். தெற்கில் பாரம் தரக்கூடிய ஒரு வியாபாரியை முதலில் தேடிக்கொள்ளுங்கள். லொறி அதன்பிறகு வரட்டும்.

பத்திரங்களைப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். அதற்குக் காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றோடு லொறிக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். காப்புறுதி வாடகை ஓட்டத்துக்கென எழுதப்பட்டிருப்பது மிக முக்கியம். சொந்தப் பாவனைக்கென எழுதிவிட்டு வாடகைக்கு ஓடி விபத்து நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். ஏற்றிய பொருளுக்கான காப்புறுதி வேறானது. மொத்த நிறை 3,500 கிலோகிராமைத் தாண்டி 17,000 வரையான லொறியை ஓட்ட சீ1 வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் தேவை. மணல், கிரவல் ஏற்றுவதானால் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் போக்குவரத்து அனுமதியும் கையில் இருக்க வேண்டும். மரத்துக்கும் தனி அனுமதி உண்டு.

பழைய லொறிகளில் பெட்டியை நீட்டியும் உயர்த்தியும் வைத்திருப்பார்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள அளவோடும் நிறையோடும் அது பொருந்துகிறதா என்று பார்த்த பின்னரே முற்பணம் கொடுங்கள். லீசிங் தவணையையும் மாசி மாத வருமானத்தோடு ஒப்பிடாமல், கார்த்திகை மாத வருமானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.