அந்த மாத்திரையை நுணுக்குவது யார்?

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. லேத் பட்டறையில் டர்னர். பதினைந்து வருடக் குடி. இப்போது காலையில் ஒரு கட்டிங் போடாவிட்டால் கை நடுக்கம் நிற்பதில்லை. இரவில் ஒரு குவார்ட்டர். சனிக்கிழமை கூலி வாங்கினால் கணக்கே இல்லை. தெரிந்தவர் மூலம் குடியை நிறுத்தும் மாத்திரை வாங்கி, மூன்று வாரமாக, வாரத்துக்கு மூன்று நாள் அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் என் மகள்தான் நைசாக நுணுக்கித் தருவாள், கெட்டிக்காரி. இரண்டு முறை முகமெல்லாம் சிவந்து வாந்தி எடுத்தார். சரக்கு சரியில்லை என்று வேறு பிராண்டுக்கு மாறினாரே தவிர, குடி நிற்கவில்லை. ஒரு மையத்தில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கிப்போய் மூன்று மாதம் வைத்துக்கொள்வார்களாம். அனுப்பிவிடலாமா? பெரியாஸ்பத்திரிக்குப் போனால் சொந்தக்காரர்கள் கண்ணில் பட்டுவிடுவோமே என்று பயமாக இருக்கிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: வேனைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த மாத்திரையை உங்கள் மகளா நுணுக்குகிறாள்?

பெற்ற அப்பா சாப்பிடும் தட்டில், அவருக்குத் தெரியாமல் மருந்து போடும் வேலையை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, கெட்டிக்காரி என்று பெருமையாக வேறு எழுதுகிறீர்கள். நாளைக்கு அவர் தட்டின் முன்னாலேயே சுருண்டு விழுந்தால், அவள் ஆயுசுக்கும் எதைச் சுமந்துகொண்டு திரிவாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? குடிக்கிற வீட்டில் பிள்ளைகள் இழப்பது ஏற்கெனவே ஏராளம். அதில் இதையும் சேர்க்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

சும்மா பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. முகம் சிவந்ததையும் வாந்தியையும் வைத்துப் பார்த்தால் டைசல்ஃபிராமாகத்தான் இருக்க வேண்டும். குடித்த சாராயம் உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அந்த நச்சை உடைத்துவிடும். இந்த மாத்திரை அந்த நொதியை முடக்கிப்போடுகிறது. நச்சு ரத்தத்தில் தேங்கும்போது முகம் சிவக்கும், தலை விண்விண் என்று தெறிக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும். கொஞ்சம் கூடிப்போனால் ரத்த அழுத்தம் சரியும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், மாரடைப்பு வரும், உயிரே போகலாம். அதனால்தான் கல்லீரலையும் இதயத்தையும் பரிசோதிக்காமல் எந்த மனநல மருத்துவரும் இதை எழுதித்தர மாட்டார். கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. காலையில் கட்டிங், இரவில் குவார்ட்டர் என்று ஓடுகிற உடம்பில் அந்த இடைவெளி என்றைக்கு இருந்தது?

இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள். இந்த மாத்திரை குடிக்கும் ஆசையைக் குறைக்காது. 'இன்றைக்குக் குடித்தால் எனக்கு இன்னது நடக்கும்' என்று தெரிந்து பயப்படுகிறவருக்குத்தான் அது மருந்து. தெரியாதவருக்கு விஷம். உங்கள் கணவர் சரக்கின் மேல் பழியைப் போட்டு பிராண்டை மாற்றியதைப் பார்த்த அன்றைக்கே உங்களுக்கு அது உறைத்திருக்க வேண்டும்.

இப்போது இரண்டு பக்கமும் ஆபத்தான இடத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். கலப்பதை இன்றைக்கே நிறுத்தினாலும் மாத்திரையின் வேகம் இரண்டு வாரம் வரைகூட உடம்பில் இருக்கும். அதற்குள் குடித்தால் ஆபத்து. அதற்காகக் குடியைச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. காலையில் கை நடுங்குகிறது என்றால் உடம்பு சாராயத்துக்குப் பழகிப்போய்விட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் ஜன்னி கண்டதுபோல் ஆகலாம்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், வேர்த்துக் கொட்டும், ஆள் அடையாளம் தெரியாது. பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு ஓடும் குடும்பங்கள் உண்டு. உயிர் போவது இந்தக் கட்டத்தில்தான். தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஆகவே நாள் பார்க்காமல் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் மனநலப் பிரிவு, நேரம் கெட்ட நேரம் என்றால் அவசரப் பிரிவு. நெஞ்சு வலி, மயக்கம், வலிப்பு என்று எதுவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மில்லிகிராம், கடைசியாக என்றைக்குக் கலந்தீர்கள், அவர் கடைசியாக எப்போது குடித்தார், இந்த மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் வாந்தி எடுத்த இரண்டு தடவையும் எந்த டாக்டரிடமும் உண்மையைச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. விவரம் தெரியாத டாக்டர் அதற்கு எப்படி வைத்தியம் பார்ப்பார்?

கிளம்பும் முன் அவரிடம் சொல்லியாக வேண்டும். போதை ஏறிய நேரத்தில் வேண்டாம். அவருடைய அண்ணனோ, அவர் மதிக்கும் வேறு யாரோ பக்கத்தில் இருக்கட்டும். "உங்களுக்குத் தெரியாம சாப்பாட்டுல மாத்திரை கலந்தேன், தப்புதான். இப்ப அதுவே ஆபத்துங்கிறாங்க, வாங்க டாக்டர்கிட்ட போலாம்." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், பழைய கணக்கு எதையும் எடுக்க வேண்டாம். கை நீட்டுகிற ஆள் என்றால் டாக்டர் முன்னாலேயே சொல்லிக்கொள்ளுங்கள். அடி விழுந்தால் 181-ஐக் கூப்பிடுங்கள்.

வார்டில் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் குளோர்டையாசிபாக்சைடு போன்ற மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். வருடக்கணக்கில் குடித்தவருக்கு அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்ற யோசனை ஆகாது என்பது இதனால்தான்.

உடம்பிலிருந்து சாராயம் இறங்கிய பிறகுதான் உண்மையான வைத்தியமே ஆரம்பிக்கிறது. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று மருந்துகள் இருக்கின்றன. அவருடைய கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து எது ஒத்துவரும் என்று டாக்டர் முடிவு செய்வார். டைசல்ஃபிராமையே கூடக் கொடுக்கலாம். அப்போது விஷயம் தெரிந்து, சம்மதித்து, தினமும் காலையில் உங்கள் கண்முன்னால் தன் கையாலேயே எடுத்து விழுங்குவார். சாராயம் கலந்த இருமல் டானிக்கைக்கூடத் தொடக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். மாத்திரை அதேதான், அப்போதுதான் அது வேலை செய்யும். மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும், நடுவில் ஒருநாள் சறுக்கவும் சறுக்கலாம். அன்றைக்கு ஒப்பாரி வைக்காமல் மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சனிக்கிழமை கூலியை உங்கள் வங்கிக் கணக்கில் போடச் சொல்லி முதலாளியிடம் பேசவேண்டியது அவர்தான். நீங்கள் பின்வாசல் வழியாகப் போய்ப் பேசினால் அது இன்னொரு சாம்பார். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் காசு கேட்க மாட்டார்கள். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக இருக்கிறது, அதற்கு நீங்கள் போங்கள். மது, போதை பற்றி எந்தச் சந்தேகமானாலும் 14446-ல் கேட்கலாம்.

வேன் வேண்டாம். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த மையமா, இரவிலும் டாக்டர் இருக்கிறாரா, போனில் உங்கள் கணவரோடு பேச விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடிநோயும் அடங்கும். சம்மதமில்லாமல் ஒருவரைச் சேர்ப்பதற்கு மருத்துவப் பரிசோதனை, கால வரம்பு என்று முறைகள் இருக்கின்றன. தூக்கிப்போய் மூன்று மாதம் பூட்டிவைப்பது அதில் எங்கேயும் இல்லை. சொந்தக்காரர்கள் கண்ணில் படுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பதினைந்து வருடக் குடி அவர்களுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

மகளுக்கு வருகிறேன். தம்பியோ பாட்டியோ இல்லாத நேரமாகப் பார்த்து உட்காரவைத்துச் சொல்லுங்கள்: "உன்னை இதைச் செய்யச் சொன்னது அம்மா. தப்பு அம்மாவோடது, உன்னோடது இல்லை. அப்பாகிட்ட நானே சொல்லப்போறேன்." அவள் அழுதால் அழட்டும், பேச்சை மாற்றாதீர்கள். மிச்சமிருக்கும் அட்டையை எங்கே வைத்திருக்கிறோம் என்று அவளுக்கும் தெரியும். அதை அவள் பார்க்கவே எடுத்து ஆஸ்பத்திரிப் பையில் போடுங்கள், டாக்டரிடம் காட்டத்தான் என்று சொல்லிவிட்டு.