ஒரு சிட்டிகைதானே?

கேள்வி: எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி இரண்டும் அறவே ஆகாது. அரையாண்டு லீவுக்குப் பத்து நாள் பாளையங்கோட்டையில் கணவர் வீட்டுக்குப் போகிறோம். "நம்ம வீட்டில் மூன்று வேளையும் அரிசிதான், அப்புறம் என்ன பயம்? ரசத்தில் ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டால் என்ன ஆகிவிடும்?" என்கிறார் அத்தை. அவர் மனம் புண்படாமல் எப்படி மறுப்பது?
(ஒரு வாசகி, சென்னை)

பதில்: மனம் புண்படுவதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தச் சிட்டிகை.

பெருங்காயம் நம் ஊர்ப் பண்டம் அல்ல. ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் ஒரு செடியின் வேரைக் கீறி, வடிகிற பாலைக் காயவைத்து எடுக்கிறார்கள். இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில் நாற்று நட்ட பிறகுதான் இங்கே அதைப் பயிராக்கும் வேலையே தொடங்கியது. அந்தப் பாலை அப்படியே குழம்பில் போட முடியாது, நெடி தாங்காது. அதனால் மாவும் பிசினும் சேர்த்து விற்கிறார்கள். டப்பாவில் 'கூட்டுப் பெருங்காயம்' என்று போட்டிருக்கும். காலம் காலமாக அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். எதோடு கூட்டு என்று யாரும் கேட்கவில்லை. பெரும்பாலும் கோதுமை மாவோடு, அல்லது மைதாவோடு. கட்டியாக வாங்கினாலும் இதேதான்.

கோதுமை சேர்ந்திருந்தால் பொட்டலத்தில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சொல்கிறார்கள்: ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். அடுப்படியில் நிற்கிற அத்தைக்கு அது எப்படித் தெரியும்? சேர்மானங்களைத் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற அளவில் அச்சிடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். "லேபிளைப் படித்துச் சமைத்தால் கைமணம் போய்விடும்" என்று ஒரு வாசகர் அப்போது மூன்று பக்கக் கடிதம் போட்டார். கைமணத்தில் அவரோடு எனக்குத் தகராறு இல்லை. லேபிள் விஷயத்தில் நான் விடுவதாக இல்லை.

பெருங்காயம் என்றதும் எங்கள் பாட்டி ஞாபகம் வருகிறது. காலியான தகர டப்பா ஒன்றைக் கழுவி, வெயிலில் வைத்து, அதில் ஊக்குகளைப் போட்டு வைத்திருந்தார். வீட்டில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் சித்திமார், அத்தைமார், மணப்பெண் எல்லோருக்கும் அந்த டப்பாவிலிருந்துதான் ஊக்கு. மணமேடைப் பக்கம் போனவர்கள் எல்லாம் "ரசம் தயாராகிவிட்டதா?" என்று கேட்டார்கள். பெரிய மாமா இரண்டு தடவை பந்திக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இலையே போடவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் தங்கைதான் தன் தோள் ஊக்கை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்தாள். பெருங்காயம் இருந்த பாண்டம் என்று சும்மாவா சொன்னார்கள்!

வாசனையில் கோதுமை கிடையாது. ஆனால் பாத்திரத்தில் ஒட்டுகிற மாவில் உண்டு. சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வார்த்தால் அந்தத் தோசை உங்களுக்கு ஆகாது. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்தால் அதுவும் ஆகாது. 1 கிலோ உணவில் கோதுமைப் புரதமான குளுட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டினால் அதைக் 'குளுட்டன் இல்லாதது' என்று நம் நாட்டில் விற்க முடியாது. அத்தனை நுணுக்கமான கணக்கு இது. உங்கள் அத்தை ஒரு சிட்டிகையைத்தான் எண்ணுகிறார். காலையில் சாம்பார், மதியம் ரசம், கூட்டு, நீர்மோர், சாயங்காலம் வடை, தொட்டுக்கொள்ள ஊறுகாய். பத்து நாளுக்கு எத்தனை சிட்டிகை? வயிறு வலிக்காத நாளிலும் சிறுகுடலின் உள்சுவர் புண்ணாகும். அதனால்தான் வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இந்த நோய்க்குச் சாப்பாடுதான் மருந்து. வேறு மாத்திரை கிடையாது.

"எங்கள் காலத்தில் ஏது இந்த வியாதி?" என்பார்கள். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் அங்கே ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரே பசியில் கிடந்தபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமைதான் காரணம் என்று அவருக்கு முன்பிருந்தே சந்தேகம். 1950இல் அதை ஆய்வேடாகவே எழுதினார். நம் பக்கத்தில் அரிசி அதிகம் என்பதால் இந்த நோய் அதிகம் கண்ணில் படவில்லை. வயிற்றோட்டமும் மெலிவுமாகத் தேறாத பிள்ளையை 'சவலை' என்று சொல்லி விட்டுவிட்டோம். அவர்களில் எத்தனை பேருக்கு இந்த நோய் இருந்தது என்று யார் பார்த்தார்கள்? எனக்கு இதில் உண்மையிலேயே ஆறாத வருத்தம் உண்டு.

சரி, பாளையங்கோட்டைக்கு வருவோம். நல்ல ஊருக்குத்தான் போகிறீர்கள். அல்வாவைத் தொடாதீர்கள், அது சம்பா கோதுமையை ஆட்டி எடுத்த பாலில் கிண்டுவது. சேமியா பாயசம், ரவா தோசை வேண்டாம். முடியாமல் படுத்தால் பாசத்தோடு ஹார்லிக்ஸ் கலந்து கொண்டுவருவார்கள். அதில் கோதுமையும் உண்டு, பார்லியும் உண்டு. ஆனால் சொதி இருக்கிறதே! தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்களும் போட்டு, எலுமிச்சை பிழிந்து இறக்குவது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற அந்தச் சொதிக்குப் பெருங்காயமே தேவையில்லை. இடியாப்பம், ஆப்பம், கருப்பட்டி போட்ட உளுந்தங்களி எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். மாவு மட்டும் வீட்டில் அரைத்ததாக இருக்கட்டும், மில்லில் உங்களுக்கு முன்னால் யார் கோதுமை அரைத்தார்களோ தெரியாது. ராத்திரி ரயிலுக்கு இட்லியும் எள்ளுப்பொடியும் கட்டிக்கொள்ளுங்கள். பொடியும் பெருங்காயம் போடாததாக இருக்கட்டும்.

மறுப்பது எப்படி என்று கேட்டீர்கள். நீங்கள் ஏன் மறுக்க வேண்டும்? இலைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு மருமகள் வேண்டாம் என்றால் அத்தை முகம் வாடத்தான் செய்யும். பேச வேண்டியவர் உங்கள் கணவர், அதுவும் ஊருக்குக் கிளம்பும் முன்பே. பிள்ளை சொன்னால் அது வீட்டு விஷயம், மருமகள் சொன்னால் அது குறை. இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஆனாலும் உங்கள் குடலை வைத்து அதைத் திருத்த வேண்டாம். இன்று ராத்திரியே அவர் போன் போடட்டும். "அம்மா, அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் இருக்கிற பெருங்காய டப்பாவை எடு. பின்பக்கம் என்ன போட்டிருக்கிறது என்று யாரையாவது படிக்கச் சொல்லு. நான் லைனில் இருக்கிறேன்."