போனால காசு கட்டுறது: கேட்டவையும் பதில்களும்

ஒலுவில், இறுதியாண்டு மாணவி: அண்ணா, போனில் காசு வெச்சுக் கட்டுற மொபைல் வொலட் பக்கம் இளைஞரை இழுக்கிறது எது என்பதுதான் என் ஆய்வு. புதுத் தொழில்நுட்பத்தை ஆட்கள் ஏன் ஏற்கிறாங்க என்று விளக்குற கோட்பாட்டு மாதிரிகளில் டாம் (TAM) எடுக்கவா, யூடிஏயூடி (UTAUT) எடுக்கவா?

டாம் 1989இல் பிரெட் டேவிஸ் தந்தது, தங்கச்சி. பயன் இருக்கா, லேசா இருக்கா, இந்த இரண்டும்தான் அதன் உயிர். இருபது வயதுப் பிள்ளைக்கு எந்த ஆப்பும் லேசுதான். 1 முதல் 5 வரையான புள்ளியில் எல்லாரும் 4, 5 என்றே போடுவாங்க, விடைகளில் ஏற்ற இறக்கம் இராது, கடைசியில் "தாக்கமில்லை" என்று வரும். 2012இல் வந்த யூடிஏயூடி 2ஐ எடுங்க. சமூகச் செல்வாக்கு, வசதிச் சூழல், பழக்கம், விலைப் பயன் எல்லாம் அதில் இருக்கு. நம்பிக்கையும் இடர் பயமும் அதில் இல்லை. அவற்றை நீங்கதான் சேர்க்கணும். என் கணிப்பில் நம்ம பக்கம் ஆப்பைவிடக் கூட்டாளியும் கடையும்தான் பெரிய காரணம். கூட இருக்கிறவன் சாப்பாட்டுப் பங்கை போனில் அனுப்பச் சொன்னால் அன்றைக்கே ஆப் இறங்கும். கன்டீனில் எடுக்காவிட்டால் அடுத்த கிழமை அது தூங்கும்.

வினாக்கொத்தின் முதல் பக்கத்திலேயே வொலட் எது என்று எழுதுங்க. ஈசி கேஷ், எம்கேஷ், பிரீமி என்று பெயரையும் போடுங்க. இல்லாட்டி வங்கி ஆப்பையும் ரீலோட் போடுறதையும் வொலட் என்று நினைச்சு விடை தருவாங்க. "பாவிக்க எண்ணமா?" என்பதோடு நிற்காமல், "போன 30 நாளில் கடையில் எத்தனை தடவை?" என்றும் கேளுங்க. எண்ணம் வேறு, பாவனை வேறு.

அதே மாணவி: முன்னோட்டம் 30 பேரிடம் எடுத்தேன். நம்பிக்கைக்கான குரோன்பாக் ஆல்பா 0.52தான் வருது.

ஆல்பா என்றது, ஒரே விசயத்தைக் கேட்கிற கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுதா என்று காட்டுற எண். முதலில் எதிர்மறைக் கூற்றுகளைப் பாருங்க. "காசு தொலையும் என்று பயம்" என்றதை 5ஐ 1ஆக, 4ஐ 2ஆக மாற்றாமல் விட்டால் ஆல்பா விழும். அடுத்தது, "வேகமும் பாதுகாப்பும் உள்ளது" மாதிரி இரண்டு விசயத்தை ஒரே கூற்றில் கட்டினது, பிரிச்சு எழுதுங்க. மூன்றாவது மொழிபெயர்ப்பு. தமிழாக்கத்தை, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்குங்க. பிசகின இடம் தெரியும். 0.7ஐத் தாண்டின பிறகுதான் கூடின ஆட்களிடம் போகணும்.

கல்முனை, புடவைக் கடை: போனால் ஸ்கேன் பண்ணிக் காசு கட்டுற லங்கா கியூஆர் குறியை ஒட்டி வெச்சிருக்கம். பொடியன்மார் பார்த்திட்டு, காசையே நீட்டுறாங்க.

நானா, காசு வந்ததைச் சொல்லுற எஸ்எம்எஸ் வாற போன் எங்க இருக்கு? அநேக கடையில் அது முதலாளியின் சட்டைப் பையில். கல்லாவில் நிற்கிற பிள்ளை அவருக்குக் கோல் எடுத்து "காசு வந்திச்சா?" என்று கேட்கும் வரைக்கும் வாடிக்கையாளர் நிற்கணும். ஒருக்கா அப்படி நின்றவன் மறுமுறை ஸ்கேன் பண்ணமாட்டான். அந்த இலக்கத்தைக் கல்லாவில் ஒரு பழைய போனில் போட்டு வையுங்க. ஒட்டின தாள் வெயிலில் மங்கினாலும், கண்ணாடிக்குள் மின்னினாலும் கெமரா பிடிக்காது. தொகையை வாடிக்கையாளரே அடிக்கிற கியூஆர் என்றால், அழுத்த முன்னம் ஒருக்கா காட்டச் சொல்லுங்க. 1,500 இடத்தில் 150 அடிபடும்.

அவர் காட்டுற ஸ்கிரீன்சொட்டை நம்பிச் சாமான் கொடுக்க வேணாம். அது பழசாகவும் இருக்கலாம், போலியாக ஆக்கினதாகவும் இருக்கலாம். உங்கட போனுக்கு வந்ததுதான் காசு.

காத்தான்குடி: மார்க்கத்தில் கூடாத வட்டி சேருமோ என்ற பயத்தில் எங்கட பொடியன்மார் சிலர் வொலட்டைத் தொடுறதில்லை. இதுவும் ஆய்வில் வருமா?

கட்டாயம் வரணும். வெளியூர் வினாக்கொத்தை அப்படியே இறக்கினால் தவறிப்போற காரணி இதுதான். பதிய முன்னம் ஒன்றைக் கேளுங்க: இது காசை வெச்சுச் செலவழிக்கிற பை மட்டுமா, உள்ளுக்குள் சேமிப்புக் கணக்கும் திறக்குதா? பதிலைக் கையில் வெச்சுக்கொண்டு மார்க்கம் படிச்ச உலமாவிடம் போங்க.

செங்கலடி, ஒரு தாய்: மகன்ட கணக்கில் காசு கழிஞ்சிட்டு, கடைக்குப் போகல்ல. திரும்பக் கட்டவா?

உடனே வேணாம் அக்கா, இரண்டு தரம் போயிரும். ஆப்பின் வரலாற்றில் "பெண்டிங்" என்றிருக்கா பாருங்க. கொடுக்கல் வாங்கல் இலக்கம், திகதி, நேரம், தொகை நாலையும் எழுதி, ஆப்புக்குள் இருக்கிற உதவி இலக்கத்துக்குச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்க. அவங்க இழுத்தடிச்சால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்குக் கோல் எடுங்க. இடையில் யாரும் கோல் எடுத்து "காசைத் திருப்பித் தாறம், ஓடிபியைச் சொல்லுங்க" என்று போனுக்கு வாற ஒருமுறை இரகசிய இலக்கத்தைக் கேட்டால் வெட்டிவிடுங்க.