பதிவான ஆட்டங்களை ஒளிபரப்புவது: கேள்வி பதில்

வியாசர்பாடி வாசகர்: அண்ணா, டோட்டா 2 என்ற கணினி விளையாட்டுப் போட்டி ஒன்றின் ரீப்ளேயை இறக்கி, தமிழ் வர்ணனை சேர்த்து என் சேனலில் போடலாமா?

ரீப்ளே கோப்பும் ஒளிபரப்பான காணொளியும் ஒன்றல்ல, தம்பி. ரீப்ளே ஆட்டத்தின் தரவு மட்டுமே. உங்கள் கணினி அதை மறுபடி ஓட்டிக் காட்டும்போது கேமராவை நகர்த்துபவரும் பேசுபவரும் நீங்கள்தான். ஒளிபரப்பான காணொளியிலோ இன்னொருவரின் கேமரா, இன்னொருவரின் குரல், போட்டி நடத்துநரின் இசை, விளம்பரதாரரின் சின்னம் எல்லாம் கலந்திருக்கும். 2018 ஜனவரியில் ஒரு பெரிய போட்டியின் ஒளிபரப்பு உரிமை ஃபேஸ்புக்கிடம் இருந்தபோது, விளையாட்டுக்குள்ளேயே ஆட்டங்களைப் பார்க்க உதவும் டோட்டா டிவியிலிருந்து ஆட்டத்தை எடுத்து ட்விச் என்ற நேரலைத் தளத்தில் காட்டிய தனியாட்களின் ஒளிபரப்புகள், நடத்துநர் அனுப்பிய காப்புரிமை அறிவிப்பால் முடக்கப்பட்டன. நடத்துநரின் கேமராவையோ குரலையோ பயன்படுத்தாதவர்களுக்குக் காப்புரிமை அறிவிப்பு அனுப்பும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று டோட்டா 2-ஐ உருவாக்கிய வால்வ் நிறுவனம் அப்போது தெளிவுபடுத்தியது. ஆனால் அதே நிறுவனம் விளம்பரச் சின்னமும் ஸ்பான்சரும் கூடாது, நடத்துநரின் ஒளிபரப்போடு போட்டியிடக் கூடாது என்றும் வரம்பு வைத்திருந்தது. அது நேரலைக்கான விதி. ரீப்ளேக்கும் அதையே நான் பின்பற்றுகிறேன்.

பெரம்பூர் வாசகர்: கீழே 'நன்றி' என்று பெயர் போட்டால் போதாதா?

போதாது. நன்றி சொல்வது மரியாதை, அனுமதி வேறு.

தண்டையார்பேட்டை வாசகர்: யூடியூபில் ஸ்ட்ரைக் (காப்புரிமை மீறல் எச்சரிக்கை) வந்துவிட்டது. வீடியோவை நீக்கினால் சரியாகுமா?

ஆகாது. நீக்கினாலும் ஸ்ட்ரைக் நிற்கும், 90 நாட்களுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். புகார் கொடுத்தவருக்கு எழுதி, அதைத் திரும்பப் பெறும்படி கேளுங்கள்.

கொருக்குப்பேட்டை வாசகர்: விமர்சனம் என்றால் சட்டம் விட்டுவிடுமாமே?

1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கு நியாயமான அளவில் இடம் தருகிறது. ஆட்டத்தில் வரும் ஒரு மோதலை மட்டும் எடுத்து அலசுவதற்கு அது துணை நிற்கலாம். நாற்பது நிமிட ஆட்டத்தை முழுதாகப் போடுவதற்கு அதை நம்பாதீர்கள்.

காசிமேடு வாசகர்: ஸ்க்ரிம், அதாவது இரண்டு அணிகள் தமக்குள் ஆடும் பயிற்சி ஆட்டம், அதன் ரீப்ளேயைப் போட்டதற்கு எதிரணி கோபப்படுகிறது. நானும் ஆடிய ஆட்டம்தானே?

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நீங்கள் செய்தது தவறு. பயிற்சி ஆட்டத்தில் ஓர் அணி தன் புது யோசனையைத் துணிந்து சோதிப்பது, அது இரண்டு அணிகளுக்குள் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான். அதை வெளியிட்டால் அடுத்த வாரம் அவர்களோடு மோதப்போகிற அணிக்கு அவர்களின் பல நாள் உழைப்பை எடுத்துக் கொடுக்கிறீர்கள். எங்கள் பகுதிப் போட்டி ஒன்றில் இப்படி வெளியான ஒரு ரீப்ளேயால் நன்றாக ஆடிக்கொண்டிருந்த அணியொன்று கலைந்துபோனது. அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

ராயபுரம் வாசகர்: ஏற்க முடியாது, அண்ணா. மைதானத்தில் நடக்கும் கால்பந்துப் பயிற்சியை வேலிக்கு வெளியே நின்று யாரும் பார்க்கிறார்களே?

வேலிக்கு வெளியே நிற்பவருக்கு ஒரு கோணம்தான் தெரியும். ரீப்ளேயில் இரு அணிகளின் பார்வையும், ஒவ்வொருவர் வாங்கிய பொருளும், வாங்கிய நொடியும் தெரியும்.

ராயபுரம் வாசகர்: அப்படியானால் தோற்ற அணி எதையுமே வெளியிட விடாதே?

போட்டி ஆட்டம் பொதுவில் நடந்தது. அதை மறைக்கும்படி தோற்றவர் கேட்க முடியாது. நான் சொல்வது ஸ்க்ரிமை மட்டும்தான், அதற்கு இரு அணித்தலைவர்களும் சம்மதிக்க வேண்டும்.

எண்ணூர் வாசகர்: பெயர் போட்டு நன்றி சொன்னால்...

பெரம்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

காசிமேடு வாசகர்: இப்போது நான் என்ன செய்வது, அண்ணா?

இன்றே வீடியோவை மறைத்துவிட்டு எதிரணித் தலைவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். பெரிய போட்டி முடிந்த பிறகு வெளியிட அவர் சம்மதித்தால், எந்தத் தேதிக்குப் பின் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.