சாஞ்ச மாமரத்தை வெட்டணுமா?

அக்கா வணக்கம். எங்க வீடு புதுச்சேரி வில்லியனூர் பக்கம். ஃபெஞ்சல் புயல்ல தோட்டமே போச்சு. முட்டிக்கால் தண்ணி நின்னுச்சு, இப்பதான் வடிய ஆரம்பிச்சிருக்கு. பெரிய மாமரம் ஒரு பக்கமா சாஞ்சு வேர் வெளிய தெரியுது, முருங்கை பாதில முறிஞ்சிருச்சு, வாழை எல்லாம் படுத்துக்கிச்சு, எலுமிச்சை இலை மஞ்சளாகி கொட்டுது. தென்னை நிக்குது, ஆனா மட்டை எல்லாம் முறுக்கிட்டு தொங்குது. மல்லிகைப் புதர் மேல வேலி விழுந்து நசுங்கிருச்சு. வீட்டுக்காரர் ஜேசிபி விட்டு எல்லாத்தையும் வழிச்சுட்டு தையில புதுசா வெக்கலாம்ங்கறார். எனக்கு மனசு வரல. உரம் ஏதாச்சும் போட்டா தேறுமா?

வணக்கம்மா. முதல்ல ஜேசிபியை நிறுத்துங்க. ஈரமண்ணுல அத்தனை கனத்தை ஏத்தினா மண்ணு இறுகிப்போயி, இருக்கற வேருக்கும் மூச்சு விட இடமில்லாம போயிரும். உரமும் இப்ப வேணாம், வேர் அழுகி நிக்கறப்ப யூரியாவைக் கொட்டினா எடுத்துக்க யாரு இருக்கா அங்க?

நான் பண்ருட்டிக்காரி, 2011 டிசம்பர் 30 காலைல ‘தானே’ புயல் அடிச்சப்ப எங்க ஊர்ல பலாவும் முந்திரியும் எப்படி கிடந்துச்சுன்னு கண்ணால பாத்தவ. அது காத்துப் புயல், மரத்தைப் புடுங்கிப் போட்டுட்டுப் போச்சு. ஃபெஞ்சல் வேற மாதிரி, 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைத் தொட்டுட்டு நகராம நின்னு கொட்டித் தீத்துச்சு, உங்க புதுச்சேரிலயே ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல. அதனால உங்க தோட்டத்துக்கு காத்தை விட தண்ணிதான் வில்லன். இன்னிக்கே மம்முட்டியை எடுத்து தாழ்வான பக்கம் பாத்து ஒரு வாய்க்கா வெட்டி விடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். பப்பாளி இருந்திருந்தா இந்நேரம் போயிருக்கும், அதை மறந்துருங்க. எலுமிச்சை இலை கொட்டறது வேருக்கு காத்து கிடைக்காததாலதான், தண்ணி வடிஞ்சதும் தூரைச் சுத்தி மேல்மண்ணை லேசா கிளறி விடுங்க, தண்டுல பிசின் வடியுதான்னு மட்டும் பாத்துக்கிட்டே இருங்க.

இப்ப மாமரம். நிமித்தணும்னு கயிறு கட்டி இழுத்துராதீங்க, அது கன்னுக்கு சரி, பெரிய மரத்தை இழுத்தா மண்ணுக்குள்ள மிச்சமிருக்கற வேரும் அந்துரும். சாஞ்சது சாஞ்சபடியே இருக்கட்டும். கரண்ட் கம்பி பக்கத்துல இல்லையேன்னு பாத்துட்டு, சாஞ்ச பக்கம் கவட்டைக் கட்டையா ரெண்டு முட்டு குடுங்க, வெளிய தெரியற வேர்ல பிஞ்சதை மட்டும் கத்தியால சுத்தமா நறுக்கிட்டு மண்ணு போட்டு மூடுங்க. வேர் பாதி போயிருச்சு, அதால மொத்த இலைக்கும் தண்ணி குடுக்க முடியாது, அதனால கிளைல மூணுல ஒரு பங்கைக் கழிக்கணும். கனமான கிளையா இருந்தா மேலருந்து அறுக்காதீங்க, பாதில ஒடிஞ்சு பட்டையை உரிச்சுக்கிட்டே கீழ வரும். அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துட்டு, அதுக்கு சித்த தள்ளி மேலருந்து அறுத்து கனத்தை இறக்கிட்டு, கடைசில மிச்சக் கட்டையை எடுங்க.

வெட்டின வாய்ல பூஞ்சை பிடிக்காம இருக்க போர்டோ பசை தடவலாம், வீட்லயே பண்ணலாம். 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணில, 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு இன்னொரு அரை லிட்டர்ல, ரெண்டும் பிளாஸ்டிக் பக்கெட்ல, அப்புறம் துத்தத்தை சுண்ணாம்புல ஊத்திக் கலக்குங்க. ஒரு இரும்பு ஆணியை உள்ள விட்டு எடுத்துப் பாருங்க, அதுல செம்புக் கலர் ஒட்டினா சுண்ணாம்பு பத்தல, இன்னும் கொஞ்சம் சேருங்க. அப்படியே, கிளையைக் கழிச்சதுல நிழல் போன தண்டுக்கு சுண்ணாம்பு வெள்ளையும் அடிச்சிருங்க, இவ்ளோ நாள் வெயிலே படாத பட்டை சித்திரை வெயில்ல வெடிச்சிரும்.

மரம் உயிரோட இருக்கான்னு சந்தேகமா இருந்தா நகத்தால பட்டையைச் சுரண்டுங்க, உள்ள பச்சையும் ஈரமும் இருந்தா இருக்கு. சித்திரை வரைக்கும் கெடு குடுங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. எங்க ஊர்ல அவசரப்பட்டு ரம்பம் வெச்சவங்க பக்கத்துத் தோப்புல சாஞ்ச பலா துளுக்கறதைப் பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டாங்க. மாசில பூத்தாலும் இந்த வருஷம் காய் விடாதீங்க, பிஞ்சுலயே கிள்ளிருங்க, கஷ்டமாத்தான் இருக்கும்.

முருங்கைக்கு கவலையே படாதீங்க, மூணடிக்கு மட்டமா அறுத்து விட்டா துளுத்துக்கும். வாழைல விழுந்ததை வெட்டிட்டு பக்கக்கன்னுல நல்லதா ஒன்னை விடுங்க. மல்லிகைக்கு எப்படியும் இந்த மாசம் கவாத்து பண்ற மாசந்தான், ஒன்றரை அடி விட்டு மிச்சத்தை வெட்டிருங்க, புயல் பாதி வேலையை முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கு!

தென்னைதான் யோசனையா இருக்கு. அதுக்கு உயிர் ஒரே இடத்துலதான், உச்சிக் குருத்துல. ஆளை ஏத்தி நடுக்குருத்தை மெதுவா இழுத்துப் பாக்கச் சொல்லுங்க. கெட்டியா நின்னா மட்டை எப்படித் தொங்கினாலும் பொழைச்சுக்கும். கையோட வந்து நாத்தம் அடிச்சா குருத்தழுகல், அழுகினதை சுத்தமா செதுக்கி எடுத்துட்டு அதே போர்டோ பசையைத் தடவணும். பக்கத்து வீட்ல விழுந்த தென்னைக் கட்டை கிடந்தா அப்புறப்படுத்தச் சொல்லுங்க, மக்கினா காண்டாமிருக வண்டு குடும்பம் நடத்தும்.

குருத்து தெரியற மாதிரி போட்டோ ஒன்னு அனுப்புங்கம்மா, நீங்க அனுப்பினதுல தண்ணித் தொட்டிதான் பளிச்சுனு தெரியுது.