பின்பக்க ஃபாக் லைட்டை நாமே மாட்டலாமா?

கேள்வி: ஊட்டியில் இருக்கிறேன். மூடுபனியில் என் பழைய கார் பின்னால் வருபவர் கண்ணுக்கே தெரிவதில்லை. பின்பக்கம் ஃபாக் லைட்டை வீட்டிலேயே மாட்டலாமா?

பதில்: தாராளமாக மாட்டலாம். ஒன்று போதும், ஆனால் அது ஓட்டுநர் பக்கம், அதாவது வலப்பக்கம், பிரேக் லைட்டிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஒட்டி வைத்தால் நீங்கள் பிரேக் பிடிப்பதே பின்னால் வருபவருக்குப் புரியாது. 21 வாட் பல்பு இழுப்பது 2 ஆம்பியருக்கும் குறைவுதான், 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஹெட்லைட் எரியும்போது மட்டும் எரிகிற மாதிரி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து இணையுங்கள். டிக்கித் தகரத்தில் போட்ட துளைக்கு ரப்பர் வளையம் கட்டாயம், இல்லையென்றால் அந்தக் கூரான ஓரம் வயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து ஒருநாள் ஷார்ட் ஆகிவிடும். அப்புறம், பனி விலகியதும் அணைத்துவிடுங்கள், பின்னால் வருபவருக்குக் கண் கூசும்.