கண்டிக்கோட்டைக்கு ஒரே நாளில் போய்வரலாமா?

ஆந்திராவின் புத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “டிசம்பர் கடைசியில் எங்கள் காரில் கண்டிக்கோட்டை போகலாம் என்றிருக்கிறோம். மாமியாருக்கு 70 வயது, முட்டிவலி உண்டு. பிள்ளைகளுக்கு 6, 10. விடியற்காலை கிளம்பினால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாமா? நிறைய நடக்க வேண்டியிருக்குமா?”

திரும்பிவிடலாம், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். ரேணிகுண்டா, ராஜம்பேட்டை, கடப்பா, ஜம்மலமடுகு வழியாக ஒரு பக்கமே சுமார் 240 கிலோமீட்டர். லாரிகள் ஓடும் சாலை. நின்று நின்று போக ஆறு மணி நேரம் வையுங்கள். போய்ச் சேரும்போது உச்சிவெயில். ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், வட பெண்ணை ஆறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு பள்ளத்தாக்காக ஓடும் இடம்தான் கண்டிக்கோட்டை; அதன் விளிம்பில் பழைய கோட்டை. அங்கே பார்க்க வேண்டியதே அடுக்கடுக்கான அந்தச் செம்பாறைதான், நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. சூரியன் தலைக்கு மேல் இருந்தால் நிழல் விழாது, அடுக்கு தெரியாது. நான் முதல்முறை போனது ஒரு மே மாத நண்பகலில். பாறையில் கை வைக்க முடியாமல் அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். இன்னொரு முறை மாலை நாலரைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் அந்த இடம் எனக்குப் புரிந்தது.

அதனால் ஒரு ராத்திரி தங்குங்கள். மாலையில் ஒரு முறை, மறுநாள் விடியலில் ஒரு முறை பாருங்கள். கோட்டைக்குப் பக்கத்திலேயே ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி இருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் கூட்டம் இருக்கும், முன்பதிவு செய்துவிடுங்கள். கூடாரத்தில் தங்குவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், முட்டிவலிக்கு ஆகாது.

நடை அதிகமில்லை. ஜாமியா மசூதி, தானியக் களஞ்சியம், மாதவராயர் கோயில் எல்லாம் கோட்டைக்குள்ளேயே. மாமியார் இவற்றை நிதானமாகப் பார்க்கலாம். பள்ளத்தாக்கின் விளிம்பு மட்டும் வேறு விஷயம். கடைசிக் கொஞ்ச தூரம் சமதரையில்லை; பெரிய பாறைகள் மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். அதற்கு அவரை வற்புறுத்தாதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கீழே சுமார் 300 அடி ஆழம், விளிம்பு நெடுக வேலி கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கையைப் பிடித்தபடி. அந்தப் பெரியவர் கையில் போன் இருக்கக் கூடாது. படம் எடுக்க வேண்டுமானால் எல்லோரும் உட்கார்ந்த பிறகு எடுங்கள். படத்துக்காகப் பின்னால் நகர்வதுதான் பெரிய ஆபத்து. செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். விடியலுக்குப் போகும்போது ஆளுக்கொரு டார்ச். மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் விளிம்புக்கே போகாதீர்கள்.

பெட்ரோல், தண்ணீர், மருந்து எல்லாவற்றையும் ஜம்மலமடுகிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சுமார் 60 கிலோமீட்டரில் பேலம் குகை இருக்கிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். அருமையான குகைதான். ஆனால் படியிறங்க வேண்டும், உள்ளே புழுக்கம், உங்கள் வழிக்கும் எதிர்த்திசை. இந்த முறை விட்டுவிடுங்கள். திரும்பும்போது கடப்பாவுக்கும் ராஜம்பேட்டைக்கும் நடுவே சாலையோரமாகவே ஒண்டிமிட்டா கோதண்டராமர் கோயில் வரும். மாமியாருக்கு அங்கே ஒரு மணி நேரம் கொடுங்கள்.